காட்டுக்கோழி இறகும் டிரவுட் மீனின் கண்ணும்

ஆடிச் சாரலில் சிவகிரிக்கு மேற்கே மலையடிவாரத் தோப்புகள் நாள் முழுக்க நனைந்து கிடக்கும். போன வருஷம் அப்படியொரு காலையில் எலுமிச்சைத் தோப்பு வரப்பில் ஒரு இறகைப் பார்த்தேன். சுண்டுவிரல் நீளம் இருக்கும். அடியில் சாம்பல் கலந்த கறுப்பு, நடுவே வெள்ளைக் காம்பு. நுனிக்கு வந்தால்தான் ஆச்சரியம். பார்சலுக்கு முத்திரை வைக்க உருக்கி விட்ட அரக்குத் துளி போல, மஞ்சள் வெளுப்பில் ஒரு பளபளப்பான பொட்டு. விரலால் தடவினால் இறகு மாதிரி இல்லை, நகத்தைத் தடவுவது போல வழுவழுவென்று கெட்டியாக இருந்தது.

பையில் எப்போதும் வைத்திருக்கும் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். சாதாரண இறகில் காம்பிலிருந்து இழைகள் பிரியும். இழைகளிலிருந்து இன்னும் நுண்ணிய கிளைகள் பிரிந்து ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். இந்தப் பொட்டில் அது எதுவும் இல்லை. காம்பும் இழைகளும் ஒன்றாக ஒட்டி, தட்டையாகி, ஒரே தகடாக ஆகியிருந்தன. பார்த்துவிட்டு இறகை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். ஏன் விட்டேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அது சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் பிடரி இறகு. தென்னிந்தியாவையே முக்கிய இருப்பிடமாகக் கொண்ட பறவை அது. 1770களில் புதுச்சேரிப் பக்கம் வந்து உயிரினங்களைச் சேகரித்த பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னேராவின் பெயரால், அதற்கு 1813ல் 'காலஸ் சொன்னேராட்டி' என்று அறிவியல் பெயர் வைத்தார்கள். இனப்பெருக்கம் முடிந்ததும் சேவல் இந்தப் பகட்டான பிடரி இறகுகளை உதிர்த்துவிட்டு, சில மாதங்கள் அடக்கமான கருஞ்சிறகோடு திரியும். சாரல் காலத்தில் வரப்பில் இறகு கிடந்ததற்குக் காரணம் அதுதான்.

இந்தச் சின்ன இறகு பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து, ஸ்காட்லாந்து ஆற்றங்கரையில் மீன்பிடிப்பவரின் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்திருந்த காலம் ஒன்று உண்டு. அங்கே அவர்கள் அதை ஒரு தூண்டில் முள்ளின் பக்கவாட்டில் பட்டு நூலால் கட்டினார்கள். மீனுக்குக் காட்டும் பொய்ப்பூச்சிக்குக் கண்ணாக வைத்தார்கள்.

நம் ஊரில் தூண்டில் என்றால் மூங்கில் கம்பு, நரம்பு, தக்கை, முள், முள்ளில் ஒரு மண்புழு. மீன் வாசனைக்கும் நெளிவுக்கும் வருகிறது. டிரவுட் என்ற மீன் வேறு வகை. குளிர்ந்த மலை ஓடையில், ஓட்டத்துக்கு முகம் கொடுத்தபடி ஒரே இடத்தில் நின்றுகொண்டு, மேலே மிதந்து வருவதைக் கண்ணால் பார்த்துப் பொறுக்கித் தின்னும். அது தின்னும் பூச்சி பெரும்பாலும் அரை அங்குலத்துக்கும் குறைவு. விரலால் தொட்டாலே நசுங்கிவிடும். அதை முள்ளில் எப்படிக் கோப்பது? கோக்க முடியாது என்பதால்தான் மனிதன் பூச்சியையே செய்யப் புறப்பட்டான்.

இது புதிய யோசனை அல்ல. கி.பி. 200 வாக்கில் எழுதிய ஏலியன் என்ற ரோமானிய ஆசிரியர், மாசிடோனியாவின் ஒரு ஆற்றில் மக்கள் முள்ளைச் சுற்றிச் சிவப்புக் கம்பளி நூல் சுற்றி, அதில் சேவலின் தாடிக்குக் கீழே முளைக்கும் இறகுகள் இரண்டைக் கட்டி மீன் பிடித்ததை விவரித்திருக்கிறார். அந்த இறகின் நிறத்தை அவர் மெழுகுக்கு ஒப்பிடுகிறார். ஆயிரத்து எண்ணூறு வருஷம் கழிந்தும் சேவலின் கழுத்து இறகுக்கு இந்தத் தொழிலில் மாற்று வரவில்லை. அதற்கு அழகு காரணமல்ல, இயற்பியல்தான் காரணம்.

டிரவுட் நம் நாட்டு மீனும் அல்ல. வெள்ளைக்காரர்கள் நீலகிரிக்குக் கொண்டுவந்த மீன் அது. 1860களில் பிரான்சிஸ் டே என்ற மீனியல் அறிஞர் எடுத்த முயற்சி தோற்றது. டிரவுட் முட்டைக்குச் சூடு ஆகாது. கப்பல் பயணமோ வெப்ப மண்டலத்தைத் தாண்டி வரவேண்டும். 1864ல் நார்ஃபோக் என்ற கப்பலில் பனிக்கட்டிக்கும் பாசிக்கும் நடுவே முட்டைகளைப் பொதிந்து இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு உயிரோடு கொண்டு சேர்த்த பிறகுதான் அந்த வழி திறந்தது. நீலகிரியில் காரியம் கைகூடியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். எச்.சி. வில்சன் என்பவரின் முயற்சியால் 1907ல் அவலாஞ்சியில் மீன் குஞ்சு பொரிப்பகம் வந்தது. வானவில் டிரவுட் அங்கே நிலைத்தது. மூணாறு மலைகளிலும் இலங்கையின் நுவரெலியாப் பக்கத்திலும் இதே மீனைத் தோட்டத் துரைமார் வளர்த்தார்கள்.

குற்றாலத்தில் இத்தனை அருவி இருந்தும் டிரவுட் ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. பத்து டிகிரி குளிரில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 11.3 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். முப்பது டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான். தண்ணீர் சூடாக ஆக மீனின் உடம்புக்கு ஆக்சிஜன் அதிகம் வேண்டும், தண்ணீரிலோ அது குறையும். இருபது டிகிரிக்கு மேல் டிரவுட் திணறத் தொடங்கும். அதனால்தான் நீலகிரியில் அது ஏறத்தாழ 2000 மீட்டருக்கு மேலுள்ள ஓடைகளிலும் அணைகளிலும் இருக்கிறது. குற்றாலத்துச் சிற்றாறு நமக்குச் சில்லென்று இருக்கலாம், டிரவுட்டுக்கு அது வெந்நீர்.

ஆனால் டிரவுட் ஆசையோடு தின்னும் பூச்சியின் சொந்தக்காரர்கள் குற்றாலத்தில் இருக்கிறார்கள். ஒருநாள் பூச்சிகள் என்று சொல்லலாம், விலங்கியலில் எபிமெரோப்டெரா. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒருநாள் பூச்சிகளைப் பற்றிப் பல்லாண்டு ஆராய்ந்த மதுரைப் பூச்சியியலாளர் கே.ஜி. சிவராமகிருஷ்ணன், 1984ல் ஒரு புதிய பேரினத்தையும் சிற்றினத்தையும் விவரித்தார். அதன் பெயர் 'பீட்டர்சுலா கோர்ட்டலென்சிஸ்'. கோர்ட்டலென்சிஸ் என்றால் குற்றாலத்தது. பூச்சிப் பட்டியலில் குற்றாலம் இப்படி நிலையாக இடம்பிடித்திருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஓடைக் கல்லைப் புரட்டினால் அடியில் தட்டையாக ஒட்டிக்கொண்டு, வாலில் இரண்டோ மூன்றோ இழைகளோடு ஓடுகிறதே, அதுதான் இதன் இளம்பருவம். வாழ்வின் பெரும்பகுதியை அது தண்ணீருக்குள்ளேயே கழிக்கும். வேளை வந்ததும் மேலே நீந்தி வந்து, நீர்ப்பரப்பிலேயே தோல் உரித்து, மங்கலான இறக்கையோடு பறக்கும். பிறகு இன்னொரு முறை தோல் உரித்தால் கண்ணாடி போன்ற இறக்கை கிடைக்கும். இறக்கை முளைத்த பிறகு மறுபடி தோல் உரிக்கும் பூச்சி உலகில் இது ஒன்றுதான். கடைசிப் பருவத்தில் அதற்குத் தின்னும் வாய் இல்லை. குடலில் இரைக்குப் பதில் காற்று. கூடி, முட்டையிட்டு, ஒன்றிரண்டு நாளில் தண்ணீரில் விழுந்து சாகும்.

இந்த நாலு கட்டத்திலும் மீன் அதைத் தின்கிறது. அதனால் பொய்ப்பூச்சியும் நாலு விதமாகக் கட்டவேண்டும். அடியில் உருளும் குஞ்சுக்கு ஒன்று, தோலைக் கழற்றத் தவிப்பதற்கு ஒன்று, இறக்கையை நிமிர்த்தி மிதப்பதற்கு ஒன்று, இறக்கையை விரித்துச் செத்துக் கிடப்பதற்கு ஒன்று. மிதப்பதைத் தின்றுகொண்டிருக்கும் மீன், மூழ்கிப் போகும் பூச்சியைச் சட்டை செய்யாமல் விடுவதும் உண்டு.

மீன் அதை எப்படிப் பார்க்கிறது என்பதுதான் இந்தக் கலையின் உயிர். குற்றாலத்தில் தேங்கிய தெளிந்த தண்ணீரில் முங்கி, கண்ணைத் திறந்து அண்ணாந்து பாருங்கள். தலைக்கு மேலே வட்டமாக ஒரு ஜன்னல் தெரியும். வானமும் மரமும் கரையும் எல்லாம் அந்த வட்டத்துக்குள் சுருங்கிக் கிடக்கும். வட்டத்துக்கு வெளியே தண்ணீரின் மேற்பரப்பு கண்ணாடியாகிவிடும். அடியிலுள்ள பாறையும் மணலும் அதில் பிரதிபலிக்கும். காரணம் ஒளிவிலகல். காற்றிலிருந்து தண்ணீருக்குள் நுழையும் ஒளி செங்குத்திலிருந்து ஏறத்தாழ 48.6 டிகிரிக்கு மேல் சாய்ந்து போக முடியாது. இரு பக்கமும் சேர்த்துச் சுமார் 97 டிகிரிக் கூம்பு. இதற்கு ஸ்நெல் சாளரம் என்று பெயர். முப்பது சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அந்த வட்டத்தின் விட்டம் சுமார் 68 சென்டிமீட்டர். மீன் மேலே வர வர ஜன்னல் சுருங்கும்.

ஆக, மிதந்து வரும் பூச்சி முதலில் தெரிவது கண்ணாடிப் பகுதியில். தண்ணீருக்கு மேலே இருக்கும் அதன் உடம்பும் இறக்கையும் அப்போது மீனுக்குத் தெரியாது. பூச்சியின் கால்கள் நீர்ப்பரப்பை அமுக்கிச் சின்னச் சின்னக் குழிகள் செய்கின்றனவே, அவை கண்ணாடியைக் குலைத்து ஒளிப் புள்ளிகளாக மின்னும். இருட்டில் நாலைந்து நட்சத்திரம் நகர்ந்து வருவது போல. இரை வருகிறது என்ற முதல் தகவல் மீனுக்கு அதுதான். ஜன்னலின் விளிம்பை நெருங்கும்போது இறக்கையின் நுனி தெரியும். உள்ளே வந்த பிறகுதான் முழு உருவம். அதுவும் வானத்தைப் பின்னணியாகக் கொண்ட நிழலுருவம். ஹார்டிங் என்ற ஆங்கிலேயர் 1931ல் டிரவுட்டின் பார்வைக் கோணத்துக்காகவே ஒரு நூல் எழுதினார். அதுவரை பெரும்பாலானவர்கள் மேசை விளக்கடியில் மேலேயிருந்து பார்த்து அழகாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள்; மீன் கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தது.

சேவல் பிடரி இறகின் மகிமை இங்கேதான் விளங்குகிறது. அந்த இறகை முள்ளைச் சுற்றி நாலைந்து சுற்று சுற்றினால் இழைகள் சிலிர்த்து, பாட்டில் கழுவும் பிரஷ் போல நாலாபுறமும் நிற்கும். அந்த இழை நுனிகள்தான் பூச்சியின் கால்கள். தண்ணீரில் அவை குழி செய்யும்; கண்ணாடியில் ஒளிப் புள்ளிகள் விழும். பூச்சியை மிதக்க வைப்பதும் அவைதான். தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 0.072 நியூட்டன். ஐம்பது மில்லிகிராம் எடையுள்ள ஒரு பொய்ப்பூச்சியைத் தாங்க, நீரைத் தொடும் இழைகளின் மொத்த நீளம் கணக்குப்படி மூன்றரை மில்லிமீட்டர் இருந்தாலே போதும். அத்தனை இழைகளுக்கு இது பெரிய காரியமில்லை. நனையாமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான். சேவலின் பிடரி இழையில் நுண்கிளைகள் குறைவு, கொக்கிகள் இல்லை. விறைப்பாக நிற்கும்; தண்ணீரை உறிஞ்சாது. கோழியின் கழுத்து இறகோ மெத்தென்று இருக்கும். நுண்கிளைகள் நிறைய, தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அதனால் மூழ்கவேண்டிய பூச்சிக்குக் கோழி இறகு, மிதக்கவேண்டியதற்குச் சேவல் இறகு.

கட்டும் வேலையை வீட்டில் ஒரு மேசையும் நல்ல வெளிச்சமும் இருந்தால் யாரும் பழகலாம். நகைவேலை ஆசாரி வைத்திருப்பது போல ஒரு சின்ன வைஸில் முள்ளின் வளைவைப் பிடித்து நிறுத்தவேண்டும். தண்டும், நரம்பு கோக்கும் காதும் வெளியே நீட்டி நிற்கும். மெல்லிய நூலில் தேன்மெழுகு தடவி, காதுக்குப் பக்கத்திலிருந்து வளைவு வரை இடைவெளி விடாமல் சுற்றிக்கொண்டு போகவேண்டும். இது அஸ்திவாரம், இது இல்லாவிட்டால் மேலே கட்டுவதெல்லாம் வழுக்கிச் சுழலும். சேவல் இறகிலிருந்து ஏழெட்டு இழைகளைப் பறித்து வாலாகக் கட்டவேண்டும். உடம்புக்கு மயிற்பீலியின் இழை இரண்டு. பீலி இழை சீக்கிரம் அறுந்துவிடும் என்பதால் அதை நூலோடு சேர்த்து முறுக்கிச் சுற்றுவது நல்லது. கழுத்துப் பக்கம் வந்ததும் பிடரி இறகு. அதன் இழையின் நீளம், முள்ளின் முனைக்கும் தண்டுக்கும் உள்ள இடைவெளியைப் போல ஒன்றரை மடங்கு இருந்தால் சரி. சுற்றி முடித்து, நூலின் நுனியைச் சுற்றுகளுக்கு அடியிலேயே புதைத்து இறுக்கி, முடிச்சில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்தால் முடிந்தது.

சங்கரன்கோவில் பூச்சந்தையில் பெண்கள் மல்லிகை கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கை வேலை அந்நியமாக இருக்காது. பூவை வைத்து, நூலைச் சுற்றி, ஒரே இழுப்பில் இறுக்கும் அந்த விரல்களின் அளவறிந்த பிடிதான் இங்கேயும் வேண்டும். கொஞ்சம் கூடினால் காம்பு அறும், குறைந்தால் நழுவும். தொடங்குபவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு: காதுக்குப் பக்கத்தில் இடம் விடாமல் பொருள்களை நெருக்கிவிடுவார்கள். கடைசியில் முடிச்சுப் போட இடமிருக்காது. நரம்பு கோக்கக் காதும் அடைந்துவிடும். முதலிலேயே ஒரு மில்லிமீட்டர் இடத்தைத் தொடாமல் ஒதுக்கி வைக்கப் பழகவேண்டும்.

மயிற்பீலி எதற்கு? பச்சை நிறம்தான் வேண்டும் என்றால் பச்சை நூல் போதுமே. மயிலின் பச்சை சாயம் அல்ல. இழையின் நுண்கிளைக்குள் மெலனின் என்ற பழுப்பு நிறமிக் குச்சிகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. 2003ல் சீன ஆய்வாளர்கள் மின்னணு நுண்ணோக்கியில் அளந்து பார்த்தார்கள். குச்சிகளுக்கு இடையே 140 நானோமீட்டர் இருந்தால் நீலம், 150 இருந்தால் பச்சை, 165 இருந்தால் மஞ்சள். பொருள் ஒன்றுதான், இடைவெளிதான் நிறத்தைத் தீர்மானிக்கிறது. அதனால் அந்த நிறம் வெயிலில் வெளுக்காது. கோணம் மாறும்போதெல்லாம் மின்னும். ஓட்டத்தில் புரளும் பூச்சியின் உடம்பில் இப்படி உயிரோட்டம் காட்ட எந்தச் சாயத்தாலும் முடிந்ததில்லை. இழையின் பஞ்சுத்தன்மையில் காற்றுக் குமிழ்களும் தங்கும். உலகின் மிகப் பழைய, மிகப் பிரபலமான பொய்ப்பூச்சிகள் பலவற்றில் நம் மயிலின் இழை இருப்பது இதனால்தான். மயில் 1963 முதல் நம் தேசியப் பறவை. தானாக உதிர்ந்த பீலியை நாட்டுக்குள் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது, ஏற்றுமதிக்குத் தடை.

காட்டுக்கோழிக்கு அந்தச் சலுகை இல்லை, அதன் கதையும் வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டனில் சால்மன் மீனுக்காகக் கட்டிய பொய்ப்பூச்சிகள் ஆடம்பரத்தின் உச்சிக்குப் போயின. கடலிலிருந்து ஆற்றுக்கு முட்டையிடத் திரும்பும் அட்லாண்டிக் சால்மன் இரை தின்பதை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. பிறகு ஏன் அது முள்ளைக் கவ்வுகிறது என்பதில் இன்றைக்கும் ஒருமித்த கருத்து இல்லை. தின்னாத மீனைக் கவர எந்தப் பூச்சியைப் பார்த்துக் காப்பியடிப்பது? அதனால் கட்டுபவர்களின் கற்பனைக்கு எல்லை இல்லாமல் போயிற்று. ஒரே முள்ளில் பல கண்டப் பறவைகளின் இறகைக் கட்டினார்கள். 1850 வாக்கில் பிறந்த 'ஜாக் ஸ்காட்' என்ற புகழ்பெற்ற பூச்சியில் இரு பக்கமும் அமர்ந்திருப்பது நம் காட்டுக்கோழியின் அரக்குப் பொட்டுதான். சின்ன மீனின் கண் போல அது தெரிகிறது என்பது அவர்களின் நம்பிக்கை. அந்தப் பொட்டைத் தூண்டில்காரர்கள் இன்றும் 'நகம்' என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லாலும் அழைக்கிறார்கள்.

ஒரு சேவலின் பிடரியில் நல்ல பொட்டுகள் கொஞ்சம்தான். ஒவ்வொரு பூச்சிக்கும் இரண்டு வேண்டும். தென்னிந்தியக் காடுகளிலிருந்து பிடரித் தோல்கள் உரித்து உலர்த்தப்பட்டுக் கப்பலேறின. 1972ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்து, ஏற்றுமதியும் அடைபட்ட பிறகு அந்த வியாபாரம் நின்றது. இப்போது வெளிநாட்டில் பண்ணைகளில் இந்தப் பறவையை வளர்த்தே இறகு விற்கிறார்கள். அரிய இறகின் மீதான மோகம் மனிதனை எதுவரை கொண்டுபோகும் என்பதற்கு 2009 ஜூனில் இங்கிலாந்தில் நடந்ததே சாட்சி. டிரிங் நகர இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குள் இரவில் நுழைந்த ஓர் இளம் இசை மாணவர் 299 பறவைத் தோல்களைத் திருடினார்; அவர் பொய்ப்பூச்சி கட்டுவதில் கெட்டிக்காரர். ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் சேகரித்த பறவைகளும் அவற்றில் இருந்தன. அடையாளச் சீட்டு கிழிந்த தோலுக்கு அறிவியலில் மதிப்பில்லை. நூற்றைம்பது வருஷ ஆவணத்தின் ஒரு பகுதி தூண்டில் முள்ளுக்கு அலங்காரமாகச் சிதறிப்போனது.

இத்தனைக்கும் டிரவுட்டுக்கு அந்தப் பொட்டு தேவையே இல்லை. அது பார்ப்பது அளவு, நிழலுருவம், நீர்ப்பரப்பில் விழும் ஒளிக்குழி, ஓட்டத்தோடு இயல்பாக மிதந்து வரும் வேகம். இவற்றை வீட்டு முற்றத்துச் சேவலின் பிடரி இறகு தாராளமாகத் தரும். அமெரிக்காவில் இதற்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த சேவல்கள் இருக்கின்றன. நம் ஊர்ச் சேவலின் இறகு அத்தனை நீளம் வராது. இரண்டு இறகைச் சேர்த்துச் சுற்றினால் குறை தெரியாது.

வீட்டுச் சேவலுக்கும் அந்தக் காட்டுச் சேவலுக்கும் ரத்த உறவும் உண்டு. வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை வடக்கத்திச் செங்காட்டுக்கோழிதான். ஆனால் மஞ்சள் கால் மட்டும் அதன் வழி வந்ததல்ல. தீனியில் உள்ள மஞ்சள் நிறமியைத் தோலில் தங்கவிடும் அந்த மரபணு மாற்றம் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008ல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். கறிக்கடையில் தொங்கும் மஞ்சள் கால் கோழிகளில் எல்லாம் நம் மலையின் பங்கு கொஞ்சம் இருக்கிறது.

வரப்பில் கிடந்த இறகை நான் எடுக்காததற்குச் சட்டம் ஒரு காரணம். இன்னொன்று, ஒருவர் மேசையில் காட்டுக்கோழி இறகு இருந்தால் பார்ப்பவருக்கும் அது வேண்டும் என்று தோன்றும். அந்த ஆசை கடைசியில் எங்கோ ஒரு கண்ணியில் போய் முடியும். சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி மலையோரத்தில் தோப்பு வைத்திருப்பவர்கள் வேலியோரம் கண்ணி கண்டால் அறுத்துவிட்டு வனத்துறைக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஊட்டிப் பக்கம் போய் முறைப்படி அனுமதி வாங்கி டிரவுட் பிடிக்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு, வீட்டுச் சேவலின் பிடரி இறகு நாலு, ஒரு மயிற்பீலி, ஒரு கண்டு நூல் எடுத்துக் கொடுங்கள். அது போதும்.